சீற் கூரை வெக்கை: வீடு திருத்துற உதவிக்குள்ள இதைச் சேர்க்க ஏலுமா?

படுவான்கரை:

மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீடு. 20 அடிக்கு 27½ அடி, 550 சதுர அடி. சீமெந்துக் கல்லுச் சுவர், மேற்குச் சுவருக்கு வெளிப்பூச்சு இல்ல. கூரை பழைய அஸ்பெஸ்டஸ் சீற், சரிவு 20 பாகை வரும். கைமரம் 4×2, மூன்று அடிக்கு ஒண்டு. சீலிங் இல்ல. கச்சான் காத்து (கோடையில வர்ற சூட்டுக் காத்து) தொடங்கினா பகல் பதினொண்டுக்குப் பிறகு உள்ளுக்க இருக்க ஏலாது. இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுது. வயசான அம்மா இருக்கிற வீடு, அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் காசு) எடுக்கிற குடும்பம். ரெண்டு ஃபேன் ஓடுறதால கரண்ட் 60 அலகைத் தாண்டிப் போகுது.

பிரதேச செயலகத்துக்கு வீடு திருத்துற உதவி கேட்டு எழுதப் போறாங்க. லண்டனில அரசாங்கமே வீட்டுக்கு இன்சுலேசன் போட்டுக் குடுக்குது, இங்கயும் கேட்டுப் பாருங்க எண்டு சொந்தக்காரர் சொல்றாங்க. அப்படி ஏதும் இங்க இருக்கா? ஹார்ட்வெயார் கடையில பபிள் ஃபாயில் (குமிழி வெச்ச அலுமினியத் தாள்), ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை), ஐ-பனல் (பிளாஸ்டிக்) சீலிங், வெள்ளைப் பெயின்ற் எண்டு நாலு சொல்றாங்க. எதை எழுதுறது, எவ்வளவு சாமான் வேணும்?

கைமரம்:

லண்டன் கதையை முதல்ல பிரிச்சுப் பார்க்கணும். அவங்க சொல்றது இங்கிலாந்தில 2013இல தொடங்கின திட்டம் ஒண்டு. கரண்ட், காஸ் விற்கிற கொம்பனிகள் வருமானம் குறைஞ்ச வீடுகளைத் திருத்திக் குடுக்கணும் எண்டு அரசாங்கம் சட்டம் போட்டது. செலவு எல்லாருடைய பில்லுக்குள்ளாலயும்தான் போனது. அமெரிக்காவில 1976இல இருந்து அரசுப் பணத்திலேயே இப்படி ஒண்டு நடக்குது. ரெண்டும் முக்கியமாக் குளிருக்கெண்டு தொடங்கின வேலை. இங்கிலாந்தில கூரைக்குக் கீழ 270 மில்லிமீற்றர் தடிப்புக்குக் கம்பளி மாதிரி விரிப்பாங்க, உள்ளுக்க இருக்கிற சூடு வெளிய போகாம இருக்க. நமக்குப் பிரச்சினை மறுபக்கம். அதால அவங்கட சாமானைக் கொப்பி அடிக்க வேணாம். ஆனா அமெரிக்கக்காரரிட்ட ஒரு பழக்கம் எடுக்கலாம்: சாமான் வாங்க முதல் ஒராள் வந்து வீட்டைச் சோதிச்சு, எங்கால சூடு போகுது எண்டு பார்த்து எழுதுறது.

நீங்க சொன்ன வீட்டில சூடு எங்கால வருது? உச்சி வெயில் ஒரு சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 1000 வாட் கொட்டும். 550 சதுர அடி எண்டா 51 சதுர மீற்றர். ஐம்பது அயன் பெட்டியைச் சூடாக்கிக் கூரையில அடுக்கி வெச்ச கணக்கு. கறுத்துப்போன சீற் அதில பெரும்பங்கைக் குடிச்சிட்டு, கீழ்ப்பக்கத்தால கதிராக நம்மட தலையில இறக்குது. காத்துக்குள்ளால வர்ற சூடு ரெண்டாம் பட்சம். அடுப்புக்கு முன்னால நிக்கிற மாதிரி உச்சந்தலை காயுறது அதாலதான்.

அதுக்குத்தான் ஃபாயில். அந்தச் சூட்டில ஒரு பொருள் ஆகக்கூடியது எவ்வளவு கதிர் விடுமோ, அதில 90 வீதம் போலச் சீமெந்துச் சீற்றின் கீழ்ப்பக்கம் விடும். சுத்தமான அலுமினியத் தாள் 5 வீதம் போலத்தான் விடும். ஆனா ஒரு நிபந்தனை: பளபளப்புப் பக்கத்துக்கு முன்னால காத்து இடைவெளி இருக்கணும், குறைஞ்சது ஒரு அங்குலம். ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான தாளை, அந்தப் பக்கம் சீற்றோட ஒட்டிப் போட்டா அது ஃபாயில் இல்ல, வெறும் தகரம். சூடு தொட்டுத் தொட்டே இறங்கிடும். "ஃபாயில் போட்டும் வெக்கை குறையல்ல" எண்டு சொல்ற வீடுகளில ஏறிப் பார்த்தா பாதிக்கு மேல இதுதான் பிழை.

உங்கட வீட்டில சீற்றைக் கழற்றாமக் கீழ இருந்து அடிக்கலாம். கைமரத்தின்ர அடிப்பக்கத்தில தாளைப் பிடிச்சா, 4 அங்குலக் கைமரம் தானாகவே இடைவெளி தரும். ரெண்டு பக்கமும் பளபளப்பு உள்ள தாளாப் பாருங்க. மேல்பக்கத்தில ரெண்டு மூண்டு வருசத்தில தூசி படிஞ்சு வேலை குறையும், கீழ்ப்பக்கம் அப்படியே இருக்கும்.

கணக்கு: சுவரில இருந்து முகடு வரைக்கும் சரிவில 10 அடி 8 அங்குலம் போல. சுவருக்கு வெளிய 6 அங்குலம் விடணும், ஆக 11 அடி 2 அங்குலம். தாள் 4 அடி அகலம் எண்டா, வரிசைக்கு வரிசை 6 அங்குலம் மேற்படிய, மூண்டு வரிசை 4 + 3½ + 3½ = 11 அடி மூடும். மிச்சம் ரெண்டு அங்குலம் முகட்டில திறந்து கிடக்கட்டும், சூட்டுக் காத்து அதாலதான் போகணும். ஒரு வரிசை 28½ அடி, ரெண்டு பக்கமும் ஆறு வரிசை, 171 அடி. வெட்டுக் கழிவோட 180 அடி வாங்குங்க.

இப்ப முக்கியமான இடம். கீழ இருந்து அடிக்கிறதெண்டா முகட்டில தொடங்கிக் கீழ வாங்க. மாரியில சீற்றுக்குக் கீழ வேர்க்கும், ஓட்டையாலயும் சொட்டும். அந்தத் தண்ணி தாளின்ர மேல்முகத்தால வழிஞ்சு வரணும். பிறகு அடிக்கிற வரிசை எப்பவும் அறைப் பக்கம் வரும். அதால மேல் வரிசையை முதல்ல அடிச்சாத்தான் அதன்ர நுனி கீழ் வரிசைக்கு மேல கிடக்கும். மாறி அடிச்சா ஒவ்வொரு மேற்படிவும் வாய் திறந்த பீலி மாதிரித் தண்ணியை வாங்கி வீட்டுக்குள்ள ஊத்தும். புது வீட்டில சீற் போட முதல் கைமரத்துக்கு மேல விரிக்கிறதெண்டா நேர் எதிர்: தாழ்வாரத்தில தொடங்கி மேல போகணும், தாளைக் கைமரத்துக்கு நடுவில ஒரு அங்குலம் தொய்ய விடணும், அதுக்கு மேல சலாகை, பிறகு சீற்.

சுவர் வந்து முட்டுற இடத்தில தாளைச் சுவரோட நிப்பாட்டினா வழிஞ்ச தண்ணி சுவருக்குள்ள இறங்கும். கடைசி வரிசையின்ர கீழ்நுனியைக் கைமரத்துக்குக் கைமரம் கீறி, நாக்கு நாக்கா ஆக்கி, சுவர் வளைக்கு மேலால வெளிய தள்ளி விடுங்க. நாக்குக்கும் சீற்றுக்கும் நடுவில காத்து உள்ள வர வழி இருக்கணும். சீற் நெளிவுகளை வௌவாலுக்குப் பயந்து சீமெந்தால அடைக்கிறது இங்க வழக்கம். அதைத் தட்டி உடைக்க வேணாம் (அஸ்பெஸ்டஸ், பிறகு சொல்றன்). அடைக்காத நெளிவுகளுக்குக் கால் அங்குல வலை பிடிச்சு விட்டாப் போதும்.

ஸ்ரேப்ளர் கம்பியை நம்ப வேணாம். வாவிக் காத்துக்கு ஒரு மாரி தாண்டாது, கறள் பிடிச்சுத் தாள் தொங்கும். ஒவ்வொரு கைமரத்தோடும் 1×½ சட்டம் வைத்து நாகம் பூசின 1¼ அங்குல ஆணி அடிங்க. பக்கத்துக்குப் பத்துக் கைமரம், ஒண்டுக்கு 11 அடி, மொத்தம் 220 அடி சட்டம். 9 அங்குலத்துக்கு ஒண்டாக 300 ஆணி. அடிக்க முதல் கைமரத்தைத் தட்டிப் பாருங்க, கறையான் இருந்தா மூடின பிறகு கண்ணுக்குத் தெரியாது.

மருதமுனை_மேசன்:

இவ்வளவு கரைச்சல் எதுக்கு? ஐ-பனல் சீலிங் அடிச்சா வேலை முடிஞ்சிச்சு. பார்க்கவும் வடிவு.

கைமரம்:

வடிவுதான், மறுக்கல்ல. ஆனா சீலிங்குக்கும் சீற்றுக்கும் நடுவில அடைபட்ட காத்துக்குப் போக்கிடம் இல்லாட்டி, பின்னேரம் வரைக்கும் அது சூடேறிக்கொண்டே இருக்கும். பனலும் சூடாகி ராவைக்குக் கீழ விடும். சீலிங் அடிக்கிற ஆக்கள் ரெண்டு முகப்புச் சுவரிலயும் எதிரும் புதிருமாக் காத்துக் கல் வைத்து, வலையும் அடிச்சா நல்லம். காசு ஒண்டுக்குத்தான் இருக்கெண்டா ஃபாயில் முதல். சீலிங் எப்பவும் பிறகு போடலாம், சீலிங் போட்ட பிறகு ஃபாயில் அடிக்க ஏறவும் ஏலாது.

ரெஜிபோம் வேணவே வேணாம். மலிவு எண்டு அடிக்கிறாங்க. நெருப்புப் பிடிச்சா உருகிச் சொட்டும், கரும்புகை மூச்சை அடைக்கும். நுரை ஒட்டின ஃபாயிலும் விறகடுப்புக்கு நேர் மேல வேணாம், குசினிக் கூரையை விட்டிடுங்க.

எஸ்ரிமேற்:

விண்ணப்ப விசயம். "இன்சுலேசன் உதவி" எண்டு இங்க தனித் திட்டம் இல்ல. பிரதேச செயலகம், தேசிய வீடமைப்பு அதிகாரசபை வழியா வர்ற வீடமைப்பு, வீடு திருத்த உதவிக்குள்ளதான் இதை நுழைக்கணும். நுழையிற வாசல் மதிப்பீடு. கடிதத்தில "வீட்டுக்குள் வெப்பம் தாங்க முடியவில்லை" எண்டு மட்டும் எழுதினா, வாசிக்கிற அலுவலர் கொடுப்பதற்கு ஒரு வேலையின் பெயர் அதில் இராது. "கூரைத் திருத்தம்" எண்ட தலைப்பின் கீழ் அளவோட எழுதுங்க. உதாரணத்துக்கு:

"கைமரத்தின் கீழ் இருபுறமும் பளபளப்புள்ள அலுமினியத் தாள், 4 அடி அகலம், 180 நீள அடி, 6 அங்குல மேற்படிவுடன், 1×½ சட்டம் 220 நீள அடி வைத்துப் பொருத்துதல். தாழ்வாரத்திலும் முகட்டிலும் காற்று வழி விடுதல்."

இதில கடைசி வசனத்தை விட்டிடாதீங்க. எழுதாத வேலையை பாஸ் செய்ய வாறவர் பார்க்கமாட்டார், வேலைக்காரரும் செய்யமாட்டார்.

தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீட்டுக்கு பீ.எஸ்.ஆர். விலைப் புத்தகத்தைத்தான் பார்ப்பார். மரவேலை, சீற், பூச்சு எல்லாம் அதில உருப்படியா இருக்கும். ஃபாயில் மாதிரி ஒரு உருப்படி அதில இல்லாட்டி அவருக்கு விலை போட வழி இல்ல, வெட்டிடுவார். அதால மூண்டு கடையில எழுத்து விலை எடுத்து முதல்லயே இணைச்சு விடுங்க. தாளின்ர அகலம், தடிப்பு மூண்டிலும் ஒண்டாயிருக்கணும், இல்லாட்டி ஒப்பிட ஏலாது.

சேர்க்க வேண்டியவை: ஜீ.எஸ். (கிராம சேவகர்) உறுதிப்படுத்தின வதிவிடச் சான்று, அடையாள அட்டைப் பிரதி, அஸ்வெசும விபரம், காணி உறுதி அல்லது பேர்மிற் பிரதி. பேர்மிற் இறந்துபோன ஆளின்ர பேரில கிடந்தா, கூரை விண்ணப்பத்தோட சேர்த்து பின்னுரித்து (பேர் மாத்துற) அலுவலையும் காணிக் கிளையில தொடக்குங்க. நிறைய விண்ணப்பம் வெக்கையிலயா நிக்குது? காணிப் பேரில நிக்குது. படமும் வேணும்: கூரை உள்பக்கம் நாலு, மேற்குச் சுவர் ஒண்டு, மெயின் சுவிட்ச் இருக்கிற இடம் ஒண்டு.

இன்னொண்டு. வீட்டு உதவி ஒரேயடியா வராது, கட்டம் கட்டமா வரும். 2012இல தொடங்கின இந்திய வீட்டுத் திட்டத்தில புது வீட்டுக்கு 550,000 ரூபாவும் அப்படித்தான் பிரிச்சுப் பிரிச்சு வந்தது. கூரைக் கட்டத்தைப் பாஸ் பண்ணிப் படம் எடுத்த பிறகு "ஃபாயிலும் சேர்க்கணும்" எண்டா அந்தக் கட்டத்துக் கணக்கு மூடியாச்சு. புது வீடு கட்டுறவங்க சீற் ஏற முதல் இதைக் கதைக்கணும்.

கல்லாறு_வயரிங்:

ஃபாயில் எண்டதும் எல்லாரும் வெக்கையைத்தான் கதைக்கிறாங்க. அலுமினியம் கரண்ட் கடத்தும். அவுஸ்திரேலியாவில 2009இல அரசாங்கம் வீடு வீடா இலவசமா இன்சுலேசன் போடத் தொடங்கி, நாலு இளம் வேலைக்காரர் செத்தாங்க. மூண்டு பேர் கரண்ட் அடிச்சு, ஒராள் கூரைக்குள்ள சூடு தாங்காம. 2010 பெப்ரவரியில திட்டத்தையே நிப்பாட்டினாங்க. தாளைப் பிடிக்க அடிச்ச இரும்புப் பின் வயரைக் குத்தினதும் அந்தச் சாவுகளுக்குள்ள இருக்கு.

நம்மட பக்கத்து வீடுகளில வயர் பைப்புக்குள்ளயும் போகாது, கைமரத்தோட கிளிப் அடிச்சுக் கிடக்கும். சட்டம் அடிக்கிற ஆணிக்கும் அதே கைமரம்தான். அதால:

மெயின் சுவிட்சை இறக்கி, பெட்டியைப் பூட்டி, சாவியை ஏறுற ஆளே வைத்திருக்கணும். பிளக்கைக் கழற்றினாப் போதும் எண்டு நினைக்க வேணாம். கைமரத்தின்ர அடியில ஓடுற வயரை முதல்ல பக்கவாட்டுக்கு மாத்துங்க, பி.வீ.சீ. பைப்புக்குள்ள போட்டா இன்னும் நல்லம். ஜொயின்ற் திறந்து கிடந்தாப் பெட்டி போட்டு மூடணும். பல்ப் ஹோல்டருக்கும் ஃபேன் கொக்கிக்கும் சுத்திவர ஒரு சாண் தாளை வெட்டி விடுங்க. 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில ஃபாயில் அடிக்கவே வேணாம். எர்த் கம்பி கறள் பிடிச்சு அறுந்து கிடந்தா அதையும் மாத்துங்க. முடிஞ்ச பிறகு கரண்ட் போட்டு ட்ரிப் சுவிட்சில இருக்கிற டெஸ்ட் பட்டனை அமத்துங்க, விழணும். மாசம் ஒருக்கா அமத்துங்க.

இதுக்கான செலவையும் மதிப்பீட்டில ஒரு வரியா எழுதச் சொல்லுங்க எஸ்ரிமேற் அண்ணே.

வேலை நேரம் காலம ஆறில இருந்து ஒன்பது. பத்து மணிக்குப் பிறகு கூரைக்குக் கீழ ஏறி நிக்கிறது வேலை இல்ல, விஷப்பரீட்சை.

எஸ்ரிமேற்:

ஓம், அது நல்ல விசயம். "மின்னிணைப்புப் பாதுகாப்பு: ட்ரிப் சுவிட்ச் 1, புவித்தொடுப்பு 1" எண்டு தனி உருப்படி. மின் உருப்படி விலைப் புத்தகத்தில இருக்கும், அதை வெட்டுறது குறைவு.

படுவான்கரை:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். அஸ்பெஸ்டஸைக் கழற்றிட்டு அமானோ சீற் போட்டாக் குளிர்மை எண்டு சொல்றாங்களே? மற்றது, வெள்ளை அடிக்கிறதெண்டா சுண்ணாம்பு போதுமா? கூரைக்கு மேல கிடுகு போடவும் சிலர் சொல்றாங்க.

கைமரம்:

அமானோ தானாகக் குளிர்மை தராது. மெல்லிசான தகரம், வெயில் பட்ட உடனேயே சூடேறும், வெயில் போன உடனே ஆறும். ராவைக்கு அதால கொஞ்சம் லேசு, பகலில மோசம். கடும் நிறத்தில எடுத்தா இன்னும் மோசம், வெள்ளை அல்லது மெல்லிய நிறம் எடுங்க. மழைச் சத்தமும் இருக்கு. 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு இந்தக் கரையில கூரைப் பிடிப்பைப் பத்திச் சொல்லித் தரத் தேவையில்ல. றப்பர் வாஷர் போட்ட ஸ்குரூ ஓர வரிசையில நெருக்கமா வரணும்.

நல்லாயிருக்கிற அஸ்பெஸ்டஸைக் கழற்ற வேணாம். உடையாமக் கிடக்கிற வரைக்கும் நார் சீமெந்துக்குள்ள கட்டுப்பட்டுக் கிடக்கும். வெட்டும்போது, துளைக்கும்போது, காஞ்ச தூரிகையால உரசும்போதுதான் தூசி பறக்கும். நெஞ்சுக்குள்ள போனா வருசங்கள் கழிச்சு நோய். அதாலதான் தாளை மரத்தில மட்டும் அடிக்கச் சொன்னது, சீற்றில ஒரு ஆணியும் ஏறக்கூடாது. உடைஞ்ச துண்டை நனைச்சு, தடிப்பான பையில கட்டுங்க. ரோட்டுக் குழிக்குப் போடுறதை நிப்பாட்டணும், லொறி ஏறி ஏறித் தூளாகிப் பிள்ளைகள்ற மூக்குக்குத்தான் போகும்.

வெள்ளை: சுண்ணாம்பு ஒரு கச்சானுக்குக் காணும், அடுத்த மாரியில கழுவிப்போகும். பசை கலந்தாலும் ரெண்டாம் வருசம் திட்டுத் திட்டா நிக்கும். கூரைக்கெண்டு விக்கிற வெள்ளை அக்ரிலிக் பூச்சு நாலைஞ்சு வருசம் தாங்கும். புதுசில வெயிலில முக்கால் பங்கைத் திருப்பி விடும். பாசி பிடிச்சா அந்தக் கெட்டித்தனம் போயிடும். அடிக்கிற காலம் மாரி முடிஞ்சு பெப்ரவரி, மார்ச். சீற்றை நனைச்சு மெதுவாகக் கழுவுங்க, பிரஷர் பம்ப் பிடிக்க வேணாம், முகக்கவசம் போடுங்க. வாளியில எழுதியிருக்கிற சதுர அடிக் கணக்கு மட்டமான சுவருக்கு. நெளிவுக்கு 15, 20 வீதம் கூட்டி வாங்குங்க. சீற்றில மிதிக்க வேணாம், சலாகைக்கு நேரே பலகை போட்டு அதில நில்லுங்க. கூரைத் தண்ணியைக் குடிக்கப் பிடிக்கிற வீடெண்டா பூச்சு அடிச்ச பிறகு முதல் ரெண்டு மூண்டு மழையை விட்டிடணும்.

கூரைக்கு மேல கிடுகு வெக்கைக்கு நல்லம்தான். ஆனா எலி, பாம்பு, நெருப்பு, ஈரம் எல்லாம் கூட வரும், சீற்றும் சீக்கிரம் பாசி பிடிக்கும். கிடுகுக்கு நல்ல இடம் மேற்குச் சுவர். சுவரில இருந்து ஒண்டரை அடி தள்ளிப் பந்தல் கால் நட்டு, தட்டி கட்டி விடுங்க. பின்னேர வெயில் சுவரில படாட்டி ராவைக்குச் சுவர் சுடாது. கொடித்தோடையோ பாகலோ படர விட்டா அடுத்த வருசம் கிடுகும் தேவையில்ல. இதுக்கு விண்ணப்பமும் வேணாம்.

கல்லாறு_வயரிங்:

60 அலகுக் கதையையும் முடிச்சு விடுறன். சாதாரண ஃபேன் 75 வாட். நாளைக்கு 12 மணி, 30 நாள் எண்டா 27 அலகு. ரெண்டு ஃபேன் 54. மூண்டு எல்.ஈ.டி. பல்ப் 4, ரீவி 6 போல. மொத்தம் 64. நாலு அலகாலதான் தாண்டுது. ஆனா 60 தாண்டினா அந்த நாலு அலகுக்கு மட்டும் விலை கூடாது, முதல் அலகில இருந்தே வேற கணக்கு, நிலையான கட்டணமும் ஏறும். அதால அம்மா படுக்கிற அறை ஃபேனை மட்டும் பி.எல்.டி.சி. ஃபேனா (கரண்ட் குறைவாக் குடிக்கிற மோட்டர் ஃபேன்) மாத்துங்க. 30 வாட், மாசம் 11 அலகு. மொத்தம் 48க்கு இறங்கும். பழைய பெட்டி ரெகுலேற்றரை அதுக்குக் கழற்றிடணும், அதோட போட்டா உள்ள இருக்கிற சேர்க்கிற் பழுதாகும்.

பில்லில எத்தனை நாளுக்கு எண்டும் பாருங்க. மீற்றர் வாசிக்கப் பிந்தி வந்து 34 நாளானா அலகு கூடித் தெரியும், படி எல்லையும் நாளுக்கேத்த மாதிரிக் கூடணும். கையால ஒருக்காக் கணக்குப் பாருங்க.

எஸ்ரிமேற்:

படுவான்கரை, கடிதத்தின்ர ரெண்டாம் பிரதியில திகதி முத்திரை வாங்கி வையுங்க. விலைமனுவுக்கு ஆயுள் கொஞ்ச நாள்தான், கடைக்காரர் அடியில திகதி எழுதியிருப்பார். மதிப்பீட்டுக்கு ஆள் வர முதல் அது முடிஞ்சா மூண்டையும் புதுசா எடுக்கணும்.